அட்டையில் துளை, கையில் செயலி: வாசகர் கேள்வி–பதில்

காற்றுத் துப்பாக்கிப் பயிற்சி பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் எழுதியபோது, இலக்கு அட்டையில் விழுந்த குண்டுகளின் நெருக்கத்தை, அதாவது சுடுதளத்தில் எல்லோரும் 'குரூப்' என்று சொல்வதை, கைப்பேசிச் செயலியால் அளக்க முடியும் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்மாதம் அதிகம் என்பதால், அவற்றிலிருந்து ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 10 மீட்டர் தூரத்தில் ஐந்து குண்டுகள் சுட்டேன். வெர்னியரால் அளந்தால் குரூப் 13.2 மி.மீ. வருகிறது. அதே அட்டையைப் படம் எடுத்துச் செயலியில் குறித்தால் 9.3 மி.மீ. என்கிறது. எதை நம்புவது? (வாசகர், கோவை)

பதில்: இரண்டும் வெவ்வேறு அளவுகள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வெர்னியரின் இரு தாடைகளையும் நீங்கள் மிகத் தொலைவில் உள்ள இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளில் வைத்திருக்கிறீர்கள். செயலியோ அந்த இரண்டு துளைகளின் மையத்திலிருந்து மையத்திற்கு அளக்கிறது. துப்பாக்கி சுடுவோர் குரூப் என்று சொல்வது மையத்திலிருந்து மையத்திற்கான அளவையே. ஆகவே வெர்னியர் காட்டியதிலிருந்து ஒரு குண்டின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கிக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; 13.2-இல் அதைக் கழித்தால் 8.7 மி.மீ. கிடைக்கிறது. செயலி சொன்ன 9.3-க்கும் இதற்கும் இடையே இன்னும் 0.6 மி.மீ. மிஞ்சுகிறது. நாம் தேட வேண்டியது இந்த 0.6 எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது கடையில் வாங்கிய அட்டையல்ல, வீட்டு அச்சுப்பொறியில் எடுத்தது. என் முதல் சந்தேகம் அங்கேதான். அச்சிடும்போது 'தாளுக்குள் பொருத்து' என்ற தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால் படம் மூன்று, நான்கு விழுக்காடு சுருங்கி விழும், கண்ணுக்குத் தெரியாது. செயலிக்கு நீங்கள் கறுப்பு வட்டத்தை அளவுகோலாகக் காட்டி, அதன் விட்டம் 30.5 மி.மீ. என்று சொல்லியிருப்பீர்கள், 10 மீட்டர் ரைபிள் அட்டைக்கு அதுதான் முறையான அளவு. ஆனால் உங்கள் தாளில் அது 29.3 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தால், செயலி அதை 30.5 என்றே எண்ணி எல்லாவற்றையும் நான்கு விழுக்காடு பெரிதாக்கிச் சொல்லும். அதாவது சுருங்கிய தாள் உங்கள் குரூப்பைப் பெரிதாகக் காட்டும். ஒரு எஃகு ஸ்கேலை அந்தக் கறுப்பு வட்டத்தின் மீது வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். இனி அச்சிடும்போது '100 விழுக்காடு' அல்லது 'உண்மை அளவு' என்ற தெரிவை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, படம் எடுத்த விதம். கைப்பேசியை அட்டைக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லாமல் நெருக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது, ஏனெனில் அட்டையின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிடக் குறுகலாக விழுந்திருக்கிறது. 10 செ.மீ. தூரத்தில் பிடிக்கும்போது அட்டையின் ஒரு ஓரம் மற்றதைவிட ஒரு செ.மீ. தள்ளியிருந்தால் அந்த ஓரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிறுத்துத் தெரியும். அதே சாய்வை அரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் வேறுபாடு இரண்டு விழுக்காட்டிற்குள் அடங்கிவிடும். எனவே தள்ளி நின்று, இரு மடங்கு உருப்பெருக்கம் வைத்து, அட்டையின் நான்கு ஓரங்களும் திரையின் ஓரங்களுக்கு இணையாக இருக்கும்படி எடுங்கள். சில செயலிகள் நான்கு மூலைகளையும் குறிக்கச் சொல்லிச் சாய்வைத் தாமே திருத்திக்கொள்ளும். அப்படி இல்லாத செயலியில் 15 பாகை சாய்வுக்கு மூன்று விழுக்காட்டுக்கு மேல் பிழை வரும்.

மூன்றாவது, விரல். 80 மி.மீ. அகல அட்டை 3000 படப்புள்ளிகளில் விழுந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 37 புள்ளிகள் கிடைக்கின்றன. கேமராவில் குறையே இல்லை. ஆனால் சிறிய திரையில் பெருவிரலால் துளையின் மையத்தைக் குறிக்கும்போது கால் மில்லிமீட்டர் நகர்ந்துவிடுவது எளிது. துளை திரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வரும்வரை பெரிதாக்கிய பிறகே குறியுங்கள். செயலியின் அமைப்பில் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. என்று பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய ரைபிள் குண்டின் அளவு அங்கே இருந்தால் குறிவட்டம் துளையைவிடப் பெரிதாக விழும், அதை வைத்து மையத்தைச் சரியாகப் பொருத்த முடியாது.

துளையைக் கூர்ந்து பார்க்கும் பழக்கத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள். தட்டை மூக்குக் குண்டு அட்டையைக் குத்தூசி போலச் சுத்தமாக வெட்டும் என்றாலும், குண்டு போனபின் காகித இழைகள் சற்றே உள்வாங்கிவிடுவதால் துளை 4.5 மி.மீ.-க்குக் குறைவாகவே நிற்கும். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் துளையைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிற வளையம் தெரியும். அது குண்டின் ஈயம் காகிதத்தில் உரசிய தடம். குண்டு போன இடத்தின் உண்மையான எல்லை அந்த வளையம்தான், எனவே செயலியின் குறிவட்டத்தைத் துளையின் வெள்ளை ஓரத்தோடு அல்லாமல் அந்தச் சாம்பல் வளையத்தோடு பொருத்துங்கள். வெர்னியரால் அளக்கும்போதும், அதே தாளில் தனியாக விழுந்த ஒரு துளையை அளந்து, அந்த எண்ணையே கழிப்பது நல்லது. ஈயம் என்பதால், அட்டைகளைக் கையாண்ட பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட உட்காருங்கள்.

கேள்வி: செயலி கேட்கும் அளவுகோலாக அட்டையின் மீது ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: வைக்காதீர்கள். நம் பையில் இன்று இருக்கும் ஒரு ரூபாய் நாணயங்களே ஒரே அளவில் இல்லை: 1992 முதல் வந்தவை 25 மி.மீ., 2011 வரிசை ஏறத்தாழ 22 மி.மீ., 2019 வரிசை 20 மி.மீ. எந்த வரிசை என்று பார்க்காமல் ஒன்றை வைத்துவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு வரை பிழை வரும். சரியான நாணயமாகவே இருந்தாலும் அது மிகச் சிறிய அளவுகோல். அதன் ஓரத்தைக் குறிப்பதில் அரை மில்லிமீட்டர் தவறினால் 25 மி.மீ. நாணயத்தில் அது இரண்டு விழுக்காடு, 100 மி.மீ. நீளமுள்ள கோட்டில் அதே தவறு அரை விழுக்காடுதான்.

ஏ.டி.எம். அட்டை 85.6 மி.மீ. நீளம் கொண்டது, உலகெங்கும் ஒரே அளவு. ஆனால் எண்கள் அச்சிட்ட வங்கி அட்டையைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. அதே அளவில் செய்யப்பட்ட காலாவதியான அட்டை ஏதாவது இருந்தால், அளந்து பார்த்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். நான் செய்வது இன்னும் எளிது: சுடுவதற்கு முன்பே அட்டையின் ஓரத்தில், ஸ்கேல் வைத்து, கூரிய பென்சிலால் இரண்டு குறுக்குக் கோடுகளைச் சரியாக 70 மி.மீ. இடைவெளியில் போட்டுவிடுகிறேன். அளவுகோல் அட்டையின் அதே தளத்திலேயே இருக்கிறது; காற்றில் நகராது; வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அட்டையிலேயே இருக்கும்.

கேள்வி: என் மகள் மாவட்ட அளவில் 10 மீட்டர் ரைபிள் சுடுகிறாள். பத்துக் குண்டுகள் சுட்டால் நடுவில் ஒரே பெரிய ஓட்டைதான் இருக்கிறது. செயலியில் ஆறு குண்டுகளைத்தான் குறிக்க முடிகிறது, மற்ற நான்கும் எங்கே என்று தெரியவில்லை. இந்த அளவு பயன்படுமா? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள், இது நன்றாகச் சுடுபவர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல். குரூப்பின் மொத்த விரிவு மட்டும் வேண்டுமென்றால் அந்தப் பெரிய ஓட்டையே போதும்: அதன் மிக நீண்ட அகலத்தை விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்து ஒரு குண்டின் விட்டத்தைக் கழித்துவிடலாம்; உள்ளே எத்தனை குண்டுகள் மறைந்திருந்தாலும் அந்த எண் மாறாது.

ஆனால் செயலி அதோடு நிற்பதில்லை. குண்டுகளின் சராசரி மையம் எங்கே, அந்த மையத்திலிருந்து ஒவ்வொரு குண்டும் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும். அந்த இரண்டு எண்களும் உங்கள் விஷயத்தில் பிழையாகிவிடுகின்றன. காரணத்தைப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியும் ஆறு துளைகளும் ஓட்டையின் ஓரத்தை உருவாக்கியவை, மறைந்த நான்கும் பெரும்பாலும் நடுவில் போனவை. நடுவில் போன நல்ல குண்டுகளை விட்டுவிட்டு ஓரத்தில் விழுந்தவற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் சராசரி விலகல் உண்மையைவிடப் பெரிதாக வரும். நன்றாகச் சுட்ட நாளிலேயே செயலி அவளைக் குறைத்து மதிப்பிடும். செயலி தானாகத் துளைகளைக் கண்டுபிடிக்கும் வகையாக இருந்தாலும் இதற்கு மாற்றில்லை. இல்லாத காகிதத்தில் எந்தக் கேமராவும் துளையைப் பார்க்க முடியாது.

வழி ஒன்றுதான்: துளைகள் ஒன்றையொன்று விழுங்குவதற்கு முன்பே அட்டையை மாற்றுவது. போட்டிகளில் காகித அட்டை இருந்த காலத்தில் ரைபிளுக்கு ஓர் அட்டைக்கு ஒரு குண்டு என்றிருந்ததற்கும் இதுவே காரணம். பயிற்சியில் அவ்வளவு அட்டை செலவழிக்க முடியாதென்றால் இரண்டு குண்டுகளுக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொண்டு, ஐந்து அட்டைகளையும் தனித்தனியே படமெடுத்து, ஒவ்வொரு குண்டும் இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து வலம் இடமாக எவ்வளவு, மேல் கீழாக எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து ஜோடி எண்களையும் ஒரே கட்டத்தாளில் இட்டால் பத்துக் குண்டுகளின் முழு வடிவமும் கிடைத்துவிடும். பல அட்டைகளை நடுப்புள்ளியின் மேல் நடுப்புள்ளியாக அடுக்கிக் கூட்டுக் குரூப் காட்டும் மென்பொருள்களும் உண்டு, ஆன்டார்கெட் டி.டி.எஸ். என்ற கணினி மென்பொருள் இந்த வேலைக்காகவே நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

ஒரே தாளில் பத்து, பன்னிரண்டு இலக்குகள் அச்சிட்ட தாளைப் பலர் பரிந்துரைப்பார்கள். மேசை மீது துப்பாக்கியைத் தாங்கவைத்துக் குண்டு வகைகளைச் சோதிப்பவர்களுக்கு அது மிகப் பொருத்தம். நின்றுகொண்டு சுடும் உங்கள் மகளுக்கு அதை நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒவ்வொரு இலக்குக்கும் உடல் சற்றுத் திரும்ப வேண்டியிருக்கும். கால் வைத்த இடமும் தோளின் நிலையும் மாறினால் நாம் அளக்க வந்த பொருளே மாறிவிடும். கம்பியில் ஓடும் அட்டைத் தாங்கியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும் தனி அட்டைகளே அவளுக்கு நல்லவை.

கேள்வி: என்.சி.சி. முகாமில் .22 ரைபிளால் 25 மீட்டரில் சுட்டோம். நான் மூன்று குண்டுகள் சுட்டதில் குரூப் 22 மி.மீ. என் தோழி ஐந்து குண்டுகள் சுட்டதில் 28 மி.மீ. நான்தான் நன்றாகச் சுட்டேன் என்று சொல்லலாமா? மேலும், என் செயலி '4.2 எம்.ஓ.ஏ.' என்று அவளுக்குக் காட்டியது, அது என்ன? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: சொல்ல முடியாது, மகளே. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனென்றால் செயலி வைத்திருக்கும் பெரியவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. குரூப் என்பது மிகத் தொலைவில் விழுந்த இரண்டு குண்டுகளை மட்டும் பார்க்கிறது. குண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட, எங்காவது ஒன்று தள்ளி விழும் வாய்ப்பும் கூடும். எனவே ஒரே துப்பாக்கி, ஒரே ஆள், ஒரே திறமை என்றாலும் ஐந்து குண்டுகளின் குரூப் மூன்று குண்டுகளின் குரூப்பைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். எவ்வளவு பெரிது என்பதையும் கணிதம் சொல்கிறது: குண்டுகள் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறுமானால், சராசரியாக ஐந்து குண்டுக் குரூப் மூன்று குண்டுக் குரூப்பைப் போல் 1.27 மடங்கு இருக்கும். பத்துக் குண்டு என்றால் கிட்டத்தட்ட 1.58 மடங்கு. உங்கள் 22-ஐ 1.27-ஆல் பெருக்குங்கள். 28 வருகிறது. நீங்கள் இருவரும் அன்று ஒரே தரத்தில் சுட்டிருக்கிறீர்கள் என்பதுதான் இந்த எண்கள் சொல்லக்கூடியது.

அதுவும்கூட 'சராசரியாக' என்ற சொல்லின் மீது நிற்கிறது. மூன்று குண்டுகள் தற்செயலாக நெருங்கி விழுவது மிகச் சாதாரணம். நீங்களே ஒரே நாளில் நான்கு முறை மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள், 15 மி.மீ. ஒன்றும் 30 மி.மீ. ஒன்றும் அவற்றில் இருந்தால் வியக்க வேண்டாம். இருவரும் ஒப்பிட விரும்பினால் ஒரே எண்ணிக்கையில், குறைந்தது பத்துக் குண்டுகள் சுட்டு, செயலி தரும் 'சராசரி விலகல்' என்ற எண்ணை ஒப்பிடுங்கள். அது இரண்டு குண்டுகளை மட்டும் பாராமல் பத்தையும் கணக்கில் எடுப்பதால் ஒரு தவறிய குண்டு அதை அவ்வளவாக ஆட்டிவைக்காது. பத்தில் ஒன்று கை நடுங்கித் தள்ளிப் போயிருந்தாலும் அதை அழித்துவிடாதீர்கள். செயலியில் 'இந்தக் குண்டை நீக்கு' என்ற பொத்தான் இருக்கிறதே என்று அதைத் தட்டுவது எளிது, ஆனால் அந்தக் குண்டையும் நீங்கள்தான் சுட்டீர்கள்.

எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 29.1 மி.மீ. அகலம், 25 மீட்டரில் அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 7.27 மி.மீ. தூரம் மாறினாலும் கோணம் மாறாது என்பதால் 25 மீட்டரில் சுட்டவரையும் 50 மீட்டரில் சுட்டவரையும் ஒரே அளவில் பேச இது உதவுகிறது. உங்கள் தோழியின் 28 மி.மீ.-ஐ 7.27-ஆல் வகுத்தால் 3.85 வருகிறது, 4.2 அல்ல. செயலியில் தூரம் '25' என்று சரியாகத்தான் இட்டிருப்பீர்கள், ஆனால் அலகு கெஜம் என்று இருந்திருக்கும். 25 கெஜம் என்பது 22.86 மீட்டர், அங்கே ஒரு எம்.ஓ.ஏ. 6.65 மி.மீ.; 28-ஐ அதனால் வகுத்தால் மிகச் சரியாக நீங்கள் எழுதிய 4.2 கிடைக்கிறது. இவ்வகைச் செயலிகள் பலவும் கெஜமும் அங்குலமும் புழங்கும் அமெரிக்கப் பழக்கத்தை ஒட்டிச் செய்யப்பட்டவை என்பதால், நிறுவிய முதல் நாளே அமைப்பில் மீட்டர், மில்லிமீட்டர் என்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி: காகித அட்டையைப் படமெடுத்தால் தசமப் புள்ளிகளோடு மதிப்பெண் தரும் செயலியைப் பயன்படுத்துகிறேன். ஒரே துளைக்கு ஒரு படத்தில் 10.4, இன்னொரு படத்தில் 10.6 தருகிறது. செயலியில் கோளாறா? (வாசகர், திருச்சி)

பதில்: கோளாறு என்று சொல்ல மாட்டேன்; நாம் அதனிடம் கேட்பதுதான் அதிகம். 10 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளைப் புள்ளி. குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.-க்குள் விழுந்தால் குண்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டுவிடும், அது 10.0. அங்கிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் உள்ளே போகப் போக ஒரு தசமம் கூடி, கடைசிக் கால் மில்லிமீட்டருக்குள் விழுவது 10.9. ஆகவே 10.4-க்கும் 10.6-க்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர்தான். முதல் பதிலில் நான் சொன்ன சாய்வும் அட்டையின் வளைவும் சேர்ந்தாலே அவ்வளவு வந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து நெளிந்த அட்டை என்றால் கேட்கவே வேண்டாம். அதைக் கனமான புத்தகத்துக்குள் ஓர் இரவு வைத்துத் தட்டையாக்கிய பிறகு, பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் படமெடுங்கள், கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த துளையின் ஓரம் தெளிவாகத் தெரியும்.

அறுபது குண்டுகளுக்கு அதிகபட்சம் 654 என்று தசமத்தில் எண்ணும் போட்டிகள் மின்னணு இலக்குகளில் நடப்பதற்குக் காரணமும் இந்த நுட்பமே. காகித அட்டையில் செயலி தரும் தசமத்தை வாராவாரம் முன்னேற்றத்தைப் பார்க்கப் பயன்படுத்துங்கள், ஐம்பது அறுபது குண்டுகளில் கூட்டியும் குறைத்தும் வரும் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரே ஒரு குண்டைப் பற்றிய வாக்குவாதத்துக்கு அதைச் சாட்சியாக அழைக்காதீர்கள். அங்கே துளையில் செருகிப் பார்க்கும் அளவி ஊசிதான் முடிவு சொல்ல வேண்டும்.

கேள்வி: காற்றுப் பிஸ்டல் சுடுகிறேன். செயலி ஒவ்வொரு முறையும் என் குரூப் 40 மி.மீ. மேலே போகிறது, சைட்டை (குறிபார்க்கும் உறுப்பை) இறக்கு என்கிறது. ஆனால் குண்டுகளெல்லாம் ஒன்பது, பத்து மதிப்பெண் வளையங்களில்தான் இருக்கின்றன. (வாசகர், சேலம்)

பதில்: நீங்கள் கறுப்பு வட்டத்தின் அடியில், சற்று வெள்ளை விட்டுக் குறிபார்ப்பவர் என்று ஊகிக்கிறேன், பிஸ்டல் சுடுவோர் பெரும்பாலோர் அப்படித்தான். செயலி 'குறி வைத்த இடம்' எது என்று கேட்டபோது, நீங்கள் உண்மையாகவே குறிபார்த்த அந்த அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டியிருக்கிறீர்கள். பிஸ்டல் அட்டையின் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. விட்டம், அதன் நடுவிலிருந்து அடி விளிம்புக்கு ஏறத்தாழ 30 மி.மீ., அதற்குக் கீழே நீங்கள் விடும் வெள்ளை ஒரு 10 மி.மீ. என்றால் அந்த 40 மி.மீ. கணக்கு சரியாகிவிடுகிறது. செயலி கேட்பது குண்டு விழ வேண்டிய இடத்தை. அந்தக் கேள்விக்கு எப்போதும் இலக்கின் நடுப்புள்ளியைக் காட்டுங்கள், சைட்டைத் தொடாதீர்கள்.